மாமி விட்டால் நாங்களும் விடுவோம்

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் நல்லதா, கூடாதா என்ற சண்டை இப்போது வாட்ஸ்அப்பில் நடக்கிறது. பெற்றோர் குழுவில் ஒருத்தி 'இந்த முறை ரிசல்ட் பரவாயில்ல' என்று போட்டால், அடுத்த நிமிடமே இன்னொருத்தி 'அது டியூசன்ல வந்த ரிசல்ட்' என்று போடுகிறாள். மூன்றாவது ஆள் ஒரு பூங்கொத்துப் படம் போட்டு எல்லோருக்கும் காலை வணக்கம் சொல்கிறார். என் மகன் அங்கே படிப்பதால் நானும் அந்தக் குழுவில் இருக்கிறேன். வாயைத் திறப்பதில்லை. நான் படித்த காலத்தில் இதற்கெல்லாம் குழு இல்லை, எங்கள் பக்கத்து வீட்டு மாமி ஒருவர்தான் இருந்தார்.

இரத்த உறவு மாமி இல்லை. என்னோடு ஒரே வகுப்பில் படித்த சுகியின் அம்மா. என் அம்மா அவரை மச்சாள் என்று கூப்பிடுவாள், ஆகவே எனக்கு மாமி. புருசன் கட்டாரில் வேலை. எங்கள் ஊர் படுவான்கரையில், அதாவது வாவியின் மேற்குக் கரையில். மட்டக்களப்பு டவுன் அந்தப் பக்கம்.

மாமி எதையும் நம்பமாட்டார். முட்டை வாங்கினால் கடைக்காரன் முன்னாலேயே ஒரு வாளித் தண்ணீரில் போட்டு, மிதக்கிறதா தாழ்கிறதா என்று பார்ப்பார். இறால் விற்க வருகிறவனின் கூடையில் மேலே கிடப்பதைத் தொடவே மாட்டார், அடியில் கைவிட்டு எடுப்பார். கட்டாரில் இருந்து மாமா போன் எடுத்து "வேலையில நிக்கிறன்" என்றால், "அப்ப ஏன் மெசின் சத்தம் கேக்கல்ல?" என்று கேட்பார். பாவம் அந்த மனுசன். பிறகு பிறகு மெசினுக்குப் பக்கத்தில் போய் நின்றுதான் போன் எடுத்தாராம்.

ஏறாவூரில் இருந்து மோட்டார் சைக்கிளில் துணி கட்டிக்கொண்டு ஒரு முஸ்லிம் வியாபாரி வருவார், நானா என்று கூப்பிடுவோம். மாமி சாரியை வெயிலில் பிடித்துப் பார்ப்பார், ஓரத்தை நனைத்து வெள்ளைத் துணியில் தேய்ப்பார், இழையை இழுத்துக் கொளுத்தி மணப்பார்.

"அக்கா, ஒங்களுக்கு ஒரு சாரி விக்கிறத்துக்குள்ள என்ட தாடி நரைச்சிரும்" என்பார் நானா.

"நரைக்கட்டும். சாயம் போகாட்டிச் சரி" என்பார் மாமி.

ஆனால் நானா எங்கள் ஒழுங்கைக்குள் நுழைந்தால் முதலில் போவது மாமி வீட்டுக்குத்தான். அவர் ஒன்றை வாங்கிவிட்டால் போதும், மற்ற வீடுகளில் நானா பேசவே தேவையில்லை. "அந்த அக்கா எடுத்த துணி" என்று ஒரு சொல் சொல்வார், மூட்டை காலியாகிவிடும். முட்டையும் அப்படித்தான், வேலைக்குக் கூப்பிடும் மேசனும் அப்படித்தான். எங்கள் ஊர்ச் சனத்துக்குத் தாங்களாக ஒன்றைச் சோதித்துப் பார்க்கிற பழக்கம் அடியோடு விட்டுப்போனதற்கு மாமிதான் காரணம் என்று நான் அடித்துச் சொல்வேன்.

பள்ளிக்கூடத்தைப் பற்றி எங்கள் ஊரில் ஆளுக்கொரு கதை. சில பெற்றோர் அது உருப்படாது என்பார்கள். டீச்சர்மார் டவுனில் இருந்து வந்து மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போகிறார்கள் என்பார்கள். வேறு சிலர் "அதில படிச்சிட்டு ஆக்கள் டொக்டரா வரல்லையா?" என்று கேட்பார்கள். யார் அந்த டொக்டர் என்று கேட்டால் பெயர் தெரியாது. எங்களிடம், அதாவது படிக்கிற பிள்ளைகளிடம், ஒருவரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் நல்ல பள்ளிக்கூடம் என்றுதான் சொல்லியிருப்போம். வாவிக் காற்று வரும், நாவல் மரம் இருந்தது, பாடமில்லாத பாடவேளைகள் தாராளமாகக் கிடைத்தன.

எங்களிடம் கேட்ட ஒரே ஆள் மாமி. ஆனால் நாங்கள் சொன்னதை அவர் நம்பவில்லை. சுகியை அடுப்படியில் வைத்துக் கேட்பார், என்னைக் கிணற்றடியில் வைத்துக் கேட்பார்.

"இண்டைக்குத் தமிழ் டீச்சர் வந்தவவா?"

"ஓம் மாமி."

"என்ன நிறச் சாரி?"

நான் பச்சை என்றேன். சுகி அடுப்படியில் நீலம் என்றிருக்கிறாள். டீச்சர் அன்றைக்கு வரவே இல்லை. மறுநாளில் இருந்து ஒழுங்கை முகப்பிலேயே நின்று, டீச்சருக்கு என்ன நிறச் சாரி கட்டிவிடுவது என்று நானும் சுகியும் பேசி முடிவெடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனோம். மாமி விடுவாரா? "செருப்பு என்ன மாதிரி?" என்று தொடங்கினார். நாங்கள் பாடத்தைக் கவனித்தோமோ இல்லையோ, டீச்சர்மாரைத் தலை முதல் கால்வரை கவனித்தோம்.

எங்கள் ஊருக்கும் அக்கரைக்கும் நடுவில் வாவியில் ஒரு மிதவைத் தட்டு ஓடும். அதில் சனமும் மோட்டார் சைக்கிளும் ஆட்டோவும் ஏறிக் கடக்கும். அதைப் பாதை என்போம். பிந்தி வருகிற டீச்சர்மார் எல்லோருக்கும் அந்தப் பாதைதான் சாட்டு. "பாதை பிந்திட்டு" என்றால் பள்ளிக்கூடத்து அதிபரும் தலையை ஆட்டிவிடுவார். மாமி ஒருநாள் விடியவே துறைக்குப் போய் நின்றுகொண்டார். எந்தப் பாதை எப்போது வந்தது, யார் யார் இறங்கினார்கள் என்று பாதைக்காரனைப் பிடித்து நோண்டினார்.

"மாமி, நான் பாதை ஓட்றனா, உங்களுக்குச் சாட்சி சொல்றனா?" என்று அவன் கத்தினானாம்.

அன்றைக்குப் பிந்தி வந்த, கணக்குப் படிப்பிக்கிற சேர் வழமைபோலப் பாதையைச் சாட்டினார். பள்ளிக்கூட வாசலில் நின்ற மாமி, "பாதை நேரத்துக்குத்தான் வந்த சேர். நீங்கதான் ரெண்டாவது பாதையில வந்த" என்றார். சேர் அதற்குப் பிறகு முதல் பாதையிலேயே வந்தார். ஆனால் அந்த வருடம் முழுக்க சுகியின் பெயரைச் சொல்லிக் கூப்பிடாமல் "சிஐடியிட மகள்" என்றே கூப்பிட்டார்.

பிறகு ஆய்வுகூடம் திறந்த கதை. யாருடைய உதவியிலோ கட்டிக் கொடுத்தார்கள். ரிப்பன் கட்டி, குத்துவிளக்கு ஏற்றி, பெற்றோரை எல்லாம் உள்ளே கூட்டிப்போய்க் காட்டினார்கள். கண்ணாடிக் குடுவைகள் பளபளவென்று இருந்தன. எல்லோரும் வாயைப் பிளந்துகொண்டு பார்க்க, மாமி போய்க் குழாயைத் திருகினார். புஸ் என்று காற்று வந்தது. குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தார்.

"சேர், இஞ்ச கீழ குழாயே இல்லையே! தண்ணி என்ன ஆகாயத்தால வருமா?"

வந்திருந்த பெரிய ஆட்களுக்கு அவசரமாகத் தேநீர் கொடுத்து வெளியே கூட்டிப்போனார்கள். எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. சுகிக்கு அழுகை.

இவ்வளவு சந்தேகப்படுகிறவர் மகளை ஏன் டவுன் பள்ளிக்கூடத்தில் சேர்க்கவில்லை என்று அம்மா ஒருநாள் கேட்டாள். மாமி சொன்னார்: "அதை நான் எப்பிடிப் போய்ப் பாக்கிற? இது கண்ணுக்கு முன்னால கிடக்கு, என்ன செய்றாங்க எண்டு பாக்கலாம்." அவருக்கு அது ஒரு வசதி, அவ்வளவுதான். ஊரோ அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டது. மாமியே மகளை இங்கே விட்டிருக்கிறார் என்றால் இங்கே என்னவோ இருக்கத்தான் வேண்டும் என்று நினைத்தது.

சாதாரண தரப் பரீட்சையில் எனக்கும் சுகிக்கும் நல்ல பெறுபேறு வந்தது. அடுத்து உயர்தர வகுப்பில் விஞ்ஞானம் படிக்க வேண்டும் என்பது எனக்குப் பசி மாதிரி இருந்தது. ஆனால் எங்கள் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானப் பிரிவு கிடையாது. டவுனுக்குப் போய்ப் படிக்க எனக்கு வழி கிடையாது. அப்பா இல்லாத வீடு, அம்மா வயல் வட்டையில் புல்லுப் பிடுங்கப் போகிறவள். அந்த நேரம் பார்த்துத்தான் புதிதாக வந்த அதிபர், இந்த வருடம் விஞ்ஞானப் பிரிவு தொடங்குகிறோம் என்றார். போதிய பிள்ளைகள் சேராவிட்டால் கல்வி வலயத்தில் இருந்து அனுமதியும் வராது, ஆசிரியர்களும் வரமாட்டார்கள் என்று வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு வந்தார்.

எங்கள் வீட்டுக்கும் வந்தார். அம்மா தலையைச் சொறிந்துவிட்டுச் சொன்னாள்: "மச்சாள் விட்டா நானும் விடுறன் சேர்."

போன வீடெல்லாம் அதிபருக்கு இதே பதில்தான். ஆகவே அவர் கடைசியில் மாமி வீட்டு முற்றத்தில் வந்து இருந்தார். நானும் சுகியும் கதவுக்குப் பின்னால் நின்றோம்.

"சேர், உங்கட மகள் எங்க படிக்கிறா?"

"டவுன்ல."

"அப்ப என்ட மகளை மட்டும் ஏன் இஞ்ச கேக்கிறீங்க?"

அதிபர் தேநீரைக் குடித்து முடித்துவிட்டு எழும்பிப் போனார். போச்சு, என் படிப்பு இந்த வாயால் போச்சு என்று நான் நினைத்தேன். ஆனால் அடுத்த கிழமை அதிபரின் மோட்டார் சைக்கிளின் பின்னால் ஒரு பிள்ளை வந்து இறங்கியது. கழுத்தில் எங்கள் பள்ளிக்கூடத்து டை கட்டியிருந்தது. அதிபரின் மகள்! எங்களோடு விஞ்ஞானம் படிக்க வந்திருக்கிறாள்! ஊருக்கு ஒரே புளுகம், தலைகால் தெரியாத சந்தோசம். அதிபரே தன் பிள்ளையைக் கொண்டுவந்து சேர்த்த பிறகு இனி என்ன கதை என்றார்கள்.

மாமி மட்டும் மூக்கைச் சுருக்கினார். "டவுன்ல இருந்து ஒரு புள்ள இஞ்ச வாறதெண்டா காரணம் இல்லாம வருமா? அங்க கழிச்சு விட்டிருப்பாங்க" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. கெஞ்சிப் பார்ப்போம் என்று போனேன்.

"மாமி, நீங்க ஓம் எண்டு சொன்னாத்தான் அம்மா என்னை விடுவா. எனக்கு வேற வழி இல்ல மாமி."

மாமி என்னை மேலும் கீழும் பார்த்தார். "இப்பிடிக் கேக்கச் சொல்லி உனக்கு ஆரு சொல்லித் தந்த? அதிபரா?"

அட கடவுளே! கண்ணீரைக்கூட நம்பாத மனுசி.

அந்தக் கிழமை மாமி ஒரு வேலையும் இல்லாமல் பாதையில் அக்கரைக்கும் இக்கரைக்கும் போய்வந்தார். அதிபரின் மகளுக்குப் பக்கத்தில் நின்று, கச்சான் கடலை வாங்கிக் கொடுத்துக் கதைத்துக்கொண்டு வந்ததைக் கண்டவர்கள் இருக்கிறார்கள். அதற்குப் பிறகுதான் பெற்றோர் கூட்டம் வந்தது. மண்டபத்தில் எல்லாத் தலையும் மாமியைப் பார்த்துத்தான் திரும்பியிருந்தது. மாமி எழும்பினார். பௌதிகவியலுக்கு ஆள் எங்கே, ஆய்வுகூடத்துக்குத் தண்ணீர் வந்ததா என்று கிழிக்கப் போகிறார் என்று நான் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

"என்ட மகள் இஞ்சதான் படிப்பா" என்றார். திரும்பவும் இடத்தில் இருந்துவிட்டார்.

அவ்வளவுதான். அன்றே எல்லோரும் கையெழுத்து வைத்தார்கள். என் அம்மாவும் வைத்தாள். எனக்கு மாமியின் காலில் விழலாம் போல இருந்தது. அவர் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை என்பது எனக்குக் கொஞ்சம் உறைத்ததுதான், ஆனால் அந்தச் சந்தோசத்தில் அதை யார் யோசிப்பது?

வகுப்பு தொடங்கியது. உயிரியலுக்கு வந்தாறுமூலைக் கம்பஸில் இருந்து அப்போதுதான் வெளியேறிய ஒரு டீச்சர் வந்தார், உயிரைக் கொடுத்துப் படிப்பித்தார். இரசாயனவியலுக்கு வேறு பள்ளிக்கூடத்துச் சேர் கிழமையில் இரண்டு நாள் வந்தார். பௌதிகவியலுக்கு ஒரு சேர் வந்தார், ஒரு மாதத்தில் இடமாற்றம் வாங்கிக்கொண்டு போனார். பிறகு ஒருவரும் வரவில்லை. "கேட்டிருக்கிறம், வருவார்" என்று அதிபர் சொல்லிக்கொண்டே இருந்தார். மூன்று மாதத் தவணை ஒன்று போனது, அடுத்த தவணையும் போனது. நாங்கள் நாவல் மரத்தடியில் புத்தகத்தை விரித்துவைத்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். இப்போது அந்தச் சும்மா கிடைத்த பாடவேளை இனிக்கவில்லை, பயமாக இருந்தது.

ஆச்சரியம் என்னவென்றால் மாமி வாயே திறக்கவில்லை. துறைக்குப் போகவில்லை, வாசலில் வந்து நிற்கவில்லை. சாரி நிறமும் கேட்கவில்லை. அம்மா ஒருநாள் வேலியால் எட்டி, "மச்சாள், பௌதிகவியலுக்கு ஆளில்லையாமே?" என்று கேட்டதற்கு, "வருவாங்க, வருவாங்க" என்றார். மாமியின் வாயில் இப்படி ஒரு சொல்லா என்று எனக்குத் திக் என்றது. அம்மாவோ, மச்சாளே சொல்லிவிட்டாள் என்று நிம்மதியாகப் போய்விட்டாள். சுகியும் மாறிப்போயிருந்தாள். படிப்பிக்காத கணக்கை எல்லாம் போட்டாள். எப்படித் தெரியும் என்றால், "புத்தகத்தில பாத்தன்" என்பாள். சனி ஞாயிறில் அவளைக் காணக் கிடைக்காது. சித்தி வீட்டுக்குப் போய்விடுவாளாம்.

எனக்குக் கரும்பலகை மங்கலாகத் தெரிகிறது என்று ஒரு சனிக்கிழமை அம்மா கண்ணாடி எடுக்க டவுனுக்குக் கூட்டிப்போனாள். கண்ணாடிக் கடைக்குப் பக்கத்து ஒழுங்கை முழுக்கச் சைக்கிள். தகரக் கூரை போட்ட பெரிய டியூசன் மண்டபம் ஒன்றில் இருந்து மைக்கில் ஒரு சேரின் குரல் வந்தது. பௌதிகவியல். எங்கள் புத்தகத்தில் நாங்கள் இன்னும் தொடாத பாடம். நான் அப்படியே நின்றுவிட்டேன். அம்மா என் தோளைத் தட்டி எதிர்ப்பக்கத்தைக் காட்டினாள்.

மூடிக்கிடந்த கடை ஒன்றின் படியில், குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு மாமி இருந்தார். மடியில் சாப்பாட்டுப் பெட்டி. தலையைச் சரித்துக் காதை மண்டபத்தின் பக்கம் கொடுத்திருந்தார். அந்தச் சேர் பாடம் நடத்துகிறாரா, கதை சொல்லி நேரத்தைப் போக்காட்டுகிறாரா என்று அங்கேயும் வேவு பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்! மண்டபத்தின் கம்பி வலைக்குள்ளால் பார்த்தேன். முன் வரிசை வாங்கில் சுகி. அவளுக்குப் பக்கத்தில் அதிபரின் மகள்.

எங்களைக் கண்டதும் மாமியின் முகம் ஒரு கணம் தடுமாறியது. பிறகு வழமைக்கு வந்துவிட்டது.

"நீங்க எங்க இஞ்ச?" என்றார்.

அம்மா மண்டபத்தைக் காட்டினாள். "மச்சாள், அதிபர்ட மகளும் இஞ்சதானா படிக்கிறா?" என்று கேட்டாள்.

மாமி மறைக்கவில்லை. அதைச் சொல்லத்தான் வேண்டும், கேட்டால் மறைக்கமாட்டார்.

"தொடக்கத்தில இருந்தே இஞ்சதான். பள்ளிக்கு வாறது வரவுக்கு மட்டும் எண்டு அந்தப் புள்ளயே பாதையில வெச்சு எனக்குச் சொல்லிட்டு. நான் நேர அதிபர்ட்டப் போய், எனக்கு விசயம் தெரிஞ்சிட்டு சேர் எண்டு சொன்னன். அவர் சொன்னார், உங்கட மகளையும் என்ட மகளோட சேத்துவிடுறன், வாயை மட்டும் திறக்காதீங்க, வகுப்பு உடைஞ்சிரும் எண்டு. நான் ஓம் எண்டுட்டன்."

எனக்கு நடுத்தெருவில் நின்று கத்த வேண்டும் போல இருந்தது. அம்மா கத்தவில்லை. அவளுக்குக் கத்தத் தெரியாது.

"நீங்க விட்டதைப் பாத்துத்தானே மச்சாள் நான் என்ட புள்ளய விட்டன்" என்றாள்.

மாமி குடையை மடக்கினார். கோபமும் இல்லை, வெட்கமும் இல்லை, ஏறாவூர் நானாவிடம் பேசுகிற அதே குரல்.

"நான் ஆரையும் பாத்து விடல்ல. நீ ஏன் என்னப் பாத்த? பள்ளிக்கூடத்தையெல்லோ பாத்திரிக்கணும்."

மாமி சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து, "சாப்பிட்டீங்களா? புள்ளைக்குக் குடு, முகம் வாடிக் கிடக்கு" என்று என் பக்கம் நீட்டினார். அந்த அன்பும் பொய்யில்லை. அதனால்தான் அந்த மனுசியை என்னால் இன்றுவரை முழுசாக வெறுக்கவும் முடியவில்லை, முழுசாக மன்னிக்கவும் முடியவில்லை. நான் அந்தப் பெட்டியை வாங்கவில்லை.

திரும்பி வரும்போது பாதையில் சரியான சனம். அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்தபடி வந்தாள். பெற்றோர் கூட்டம் என்றால் பின் வாங்கில் இருந்து, கையெழுத்து வைக்கச் சொன்ன இடத்தில் வைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் எழும்பி வருகிறவள் அவள். அதிபரைக் கண்டால் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஒதுங்குவாள். எங்கள் கரை கிட்ட வந்தபோதுதான் வாய் திறந்தாள்.

"திங்கக்கிழமை நான் வட்டைக்குப் போகல்ல. உன்னோட பள்ளிக்கு வாறன். பௌதிகவியல் சேர் வரும்வரைக்கும் நான் அந்த வகுப்பிலதான் இரிப்பன்."